கோலாலம்பூர்ப் புழுங்கலும் தஞ்சாவூர்ச் சர்க்கரையும்

1905 டிசம்பர் 5 அன்று கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகள் எல்லோரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண் கொடுத்தார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்குப் போனார்கள், இரட்டைப்படைக்காரர்கள் மேற்குப் பக்கத்துக்கு. இரண்டு கட்டடங்களும் ஒன்றுபோலவே இருந்தன. சாப்பாடும் ஒன்றுதான், அரிசி மட்டும் வேறு. கிழக்கே சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. மேற்கே இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. கிழக்குப் பக்கத்தில் பெரிபெரி கண்டு 18 பேர் செத்தார்கள். மேற்குப் பக்கத்தில் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை. இரண்டு பேருக்கு நோய் இருந்தது. அவர்கள் உள்ளே வரும்போதே அதோடு வந்தவர்கள். இந்தச் சோதனையை நடத்திய வில்லியம் ஃப்ளெட்சர் 1907-இல் முடிவை வெளியிட்டார். அவருடைய சொந்த நம்பிக்கை அரிசிக்கு எதிராக இல்லை என்பதால், அந்த முடிவுக்கு எடை கூடியது.

பெரிபெரியில் கால் மரத்துப்போகும், வீங்கும். முற்றினால் இதயம் பெருத்துச் செயலிழக்கும். ஆகவே அதையும் நெஞ்சு நோய்களின் வரிசையில் வைக்கலாம். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் அதில் கொத்துக் கொத்தாக விழுந்தபோது, பக்கத்திலேயே இருந்த தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். இதை முதலில் அழுத்திச் சொன்னவர் பிராடன் என்ற மருத்துவர். அந்தத் தமிழர்களில் கணிசமானோர் தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணியோடு வந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் தின்றது புழுங்கல்.

நெல்லை அவிக்கும்போது நடப்பது என்ன என்பது இன்று பாடப்புத்தகச் சங்கதி. தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊறலிலும் ஆவியிலும் கரைந்து உள்ளே இறங்கி அரிசியின் மாவுப்பகுதியில் தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. காவிரி டெல்டாவில் வீட்டுக்கு வீடு நெல் அவித்த காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் யாருக்கும் தெரியாது. அண்டாவில் ஊறவைத்த நெல், அடுப்பில் ஆவி கண்டு வாய் பிளந்ததும் களத்தில் கொட்டப்படும். வெயிலில் பெண்கள் காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். நடுவே ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, 'இன்னும் பதம் வரலை' என்பார்கள். அவித்த நெல் உரலில் நொறுங்காது, வண்டு பிடிக்காது, வேலைக்குப் போகிறவன் வயிற்றில் நின்று பசி தாங்கும். அவிப்பதற்கு இவைதான் காரணம். பெரிபெரி வராமல் இருந்தது அதன் உபரி லாபம். அக்ரகாரங்களில் பச்சரிசியும் மற்ற தெருக்களில் புழுங்கலும் என்று பிரிந்துகிடந்த ஊர்களில், ஆசாரம் பார்க்காதவர்கள் பக்கம் தயமின் இருந்தது.

1926-இல் ஜாவாவில் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதன் அமைப்பைக் கண்டு ஆய்வகத்தில் செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், நெல்லூரில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். புழுங்கலரிசிக்கு மருத்துவம் தந்த முதல் தீர்ப்பு அத்தோடு உறுதியானது.

அதே மலாயாக் கடலோரத்தில், அங்கே போன அதே மக்களைப் பற்றி, அரை நூற்றாண்டு கழித்து வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடந்த 9,568 பிரேதப் பரிசோதனைகளின் பதிவுகளை டி. ஜே. தனராஜும் கூட்டாளிகளும் புரட்டினார்கள். 1959-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் முடிவு வந்தது: இதயத் தமனி அடைப்பு சீனர்களைவிட இந்தியர்களுக்கு ஏழு மடங்கு அதிகம். தனராஜ் பின்னால் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதல் டீன் ஆனவர். இந்திய வம்சாவளியினருக்கு மாரடைப்பு அதிகம் என்று பின்னாட்களில் லண்டனிலும் டர்பனிலும் எழுதப்பட்டதற்கெல்லாம் முன்னோடி இந்தக் கட்டுரை. பிரேதப் பரிசோதனைக்கு வரும் உடல்கள் ஊரின் எல்லாச் சாவுகளுக்கும் மாதிரி ஆகாது என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஆட்சேபம் சீனர்களுக்கும் பொருந்தும்; வித்தியாசம் ஏழு மடங்காக இருக்கும்போது அதை மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

1967-இல் இன்னொரு ஏழு மடங்கு வந்தது. ரயில்வே மருத்துவ அதிகாரி எஸ். எல். மல்ஹோத்ரா, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ரயில்வே ஊழியர்களின் இறப்புப் பதிவுகளை மண்டல வாரியாகப் பிரித்தார். மாரடைப்புச் சாவு பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியரிடம் ஏழு மடங்கு அதிகம். பஞ்சாபியரோ தென்னிந்தியரைவிட 8 முதல் 19 மடங்கு கொழுப்பு சாப்பிடுகிறவர்கள், அதிலும் பெரும்பகுதி நெய்யும் பாலும். கொழுப்புதான் மாரடைப்புக்குக் காரணம் என்று மேற்கே பலரும் உரத்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. திருச்சி பொன்மலைப் பட்டறைக்கும் நாகப்பட்டினம், மாயவரம் பாதைகளுக்கும் வேலைக்குப் போன டெல்டாக் குடும்பங்கள் அந்தத் தென்னக எண்ணுக்குள்ளே இருந்தன. மல்ஹோத்ரா தந்த விளக்கம், தயிர் மோரில் உள்ள கொழுப்பின் வகையைப் பற்றியது. அது இன்று பெரிதாக நிற்கவில்லை. சாவுச் சான்றிதழில் எந்த ஊர் மருத்துவர் 'மாரடைப்பு' என்று எழுதுவார், எந்த ஊர் மருத்துவர் எழுதமாட்டார் என்பதும் வடக்கே தெற்கே ஒன்றாக இருந்திருக்காது. எல்லாக் கழிவும் போக, எண்ணெயும் நெய்யும் குறைவாகத் தின்ற மக்களிடம் மாரடைப்பு ஏன் என்ற கேள்வி மட்டும் அப்படியே மிஞ்சியது.

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு சொல் பிறந்து உலகம் சுற்ற ஆரம்பித்திருந்தது. மாசசூசெட்ஸில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய ஆய்வு, 1961-இல் 'ஆபத்துக் காரணி' என்ற பேச்சை மருத்துவத்தில் நிலைநிறுத்தியது. இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். 2004-இல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு கண்டவர்களையும் காணாதவர்களையும் ஒப்பிட்டு, ஒன்பது காரணிகளில் பத்தில் ஒன்பது பங்கு ஆபத்து அடங்கிவிடுகிறது என்றது. தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59-இல் என்பதும் அதே ஆய்வின் தரவிலிருந்து 2007-இல் தெரிந்தது. ஒன்பதில் சர்க்கரையும் தொப்பையும் இருக்கின்றன. சோறு என்று தனியாக ஒன்று இல்லை.

இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலேய நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை வைக்கிறார். ஒரு நாட்டில் எல்லோருமே தினம் இருபது சிகரெட் பிடித்தால், நுரையீரல் புற்றுநோய் அங்கே பரம்பரை நோய் என்றுதான் ஆய்வில் தெரியும். புகை எங்கும் ஒரே அளவில் இருப்பதால் கணக்கில் அகப்படாது. டெல்டாவில் சோற்றின் கதி அதுதான். கும்பகோணத்துக்காரரையும் மன்னார்குடிக்காரரையும் ஒப்பிட்டால் இருவர் தட்டிலும் அதே சோறு. ஒருவருக்குச் சர்க்கரை வந்து மற்றவருக்கு வராமல் போனதற்குக் காரணம் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, கவலை, உட்கார்ந்த வேலை என்று வேறு எங்கோதான் போய் நிற்கும். சோறு தெரியவேண்டுமானால் சோறு குறைவாகத் தின்னும் ஊர்களோடும், டெல்டாவின் பழைய நாட்களோடும் ஒப்பிட வேண்டும்.

முதல் ஒப்பீட்டைச் செய்தது ப்யூர் ஆய்வு. கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுப் தலைமையிலான இந்த ஆய்வில், 21 நாடுகளின் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் கவனித்தார்கள். அரிசிப் பகுதியை எழுதியவர்களில் சென்னையின் டாக்டர் வி. மோகன் குழுவினரும் உண்டு. முடிவு 2020-இல் வந்தது. நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மொத்தத்தில் 20 சதவீதம் கூடுதல். தென்னாசியாவில் மட்டும் பார்த்தால் 61 சதவீதம். சீனாவில் தொடர்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. 150 கிராம் என்பது ஒரு கோப்பைச் சோறு. தென்னாசியரின் நடுத்தர அளவு 630 கிராம், சீனர்களுடையது 200. சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று தஞ்சாவூர் இலையில் மதியம் ஒருவேளைக்கே மூன்று தரம் சோறு விழுகிறது. காலையின் இட்லி, இரவின் தோசை இந்தக் கணக்கில் சேரவில்லை, அவையும் அரிசிதான்.

சரி, சோறு குற்றவாளி என்று எழுதி முடித்துவிடலாமா? அதே ப்யூர் தரவை வைத்து பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் சுமதி சுவாமிநாதனும் மற்றவர்களும் 2021-இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். தீட்டிய கோதுமை, மைதா வகைகளை நாளைக்கு 350 கிராமுக்கு மேல் தின்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய, இரத்தக்குழாய் நோய்கள் 33 சதவீதம் கூடுதல். வெள்ளை அரிசிக்கோ அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. ஒரே மக்கள், ஒரே கேள்வித்தாள். சர்க்கரைக்கு அரிசி பொறுப்பு, இதயத்துக்கு இல்லை. சர்க்கரை இதயத்தைக் கெடுக்கும் என்பது ஐயமில்லாத உண்மையாக இருக்கும்போது இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது? பத்து ஆண்டு போதவில்லை, சர்க்கரை இதயத்துக்கு இறங்க இன்னும் காலம் பிடிக்கும் என்று ஒரு பதில். அரிசி தின்னும் நாடுகளில் மீனும் காயும் கூடவே வருகின்றன என்று இன்னொரு பதில். 'வெள்ளை அரிசி' என்ற ஒரே கட்டத்துக்குள் பலவகை அரிசிகளை அடைத்துவிட்டோம் என்பதுதான் எனக்குக் கூடுதலாகப் படுகிறது.

ஏனென்றால் டெல்டாவில் நூறாண்டில் மாறியது சோற்றின் அளவைவிட அரிசியின் தோல். உரலில் குத்தியபோது தவிடு பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. ஹல்லர் மில் வந்தது. உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து வெளியே விழுந்தாலும் அரிசி ஓரளவு பழுப்பாகத்தான் வந்தது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டி நெல் முளைவிட்டு அழிந்த துயரத்துக்குத் தீர்வு தேடி, 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது நெல் பதன ஆராய்ச்சி மையம். இன்று அது தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற பெயரில் தேசிய நிறுவனமாக இருக்கிறது. ஈர நெல்லைக் காப்பாற்றியதிலும் நாற்றமில்லாத புழுங்கலைத் தந்ததிலும் அந்தக் கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உழவர்கள் அதை மறக்க முடியாது. ஆனால் ரப்பர் உருளை உமியை உரிக்க, அடுத்த இயந்திரம் தவிட்டை எடுக்க, அதற்கடுத்தது மெருகேற்ற, கடைசியில் சார்டெக்ஸ் என்ற நிறம் பிரிக்கும் இயந்திரம் கறுப்பு அரிசியைப் பொறுக்கித் தள்ள, சந்தைக்கு வருவது கண்ணாடி மணி. வெள்ளையாக இல்லாவிட்டால் வாங்குபவர் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்.

மோகனின் சென்னை ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரே புழுங்கல் நெல்லை மூன்று விதமாகத் தீட்டி, தின்றபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தை அளந்தார்கள். தீட்டாத அரிசிக்கு அந்தக் குறியீடு 57.6. லேசாகத் தீட்டியதற்கே 73. வெள்ளையாகத் தீட்டியதற்கு 79.6. பழுப்புக்கும் லேசான தீட்டலுக்கும் நடுவிலேயே பெரிய தாவல் நிகழ்ந்துவிடுகிறது. பெரிபெரி விஷயத்தில் அவித்தாலே போதும், பிறகு தீட்டினாலும் தயமின் காப்பாற்றியது. சர்க்கரை விஷயத்தில் அவித்தது காப்பாற்றவில்லை. அப்படியானால் எல்லோரும் பழுப்பரிசிக்கு மாறினால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. சென்னையிலேயே உடல் பருத்தவர்களை வைத்து மாதக்கணக்கில் செய்த சோதனையில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. தொப்பையும் அழுத்தமும் சேர்ந்திருந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

இங்கே பாரம்பரிய நெல் பேச்சு எழும். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய திருவிழாக்களால் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் மீண்டும் வயலுக்கு வந்தது பெரிய காரியம். ஆனால் அதே மாப்பிள்ளைச் சம்பாவை மில்லில் கொடுத்து வெள்ளையாகத் தீட்டி வாங்கி, 'சுகருக்கு நல்லது' என்று இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்கிற வீடுகளையும் பார்க்கிறோம். நெல்லின் பெயரை நம்பி மில்லை மறந்தால் பயனில்லை. இன்னொன்று: டெல்டாவின் செல்லமான வெள்ளைப் பொன்னி, காவிரியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் கட்டாக்கில் நடந்த இண்டிகா, ஜப்பானிகா கலப்பில் கருவாகி, மலேசியாவில் மஷூரி என்ற பெயரில் வளர்ந்து இங்கு வந்த நெல்லின் வழித்தோன்றல். நாகப்பட்டினத்திலிருந்து ஆள் போனான், பதிலுக்கு அரிசி வந்தது.

நெல்லுக்கு அடுத்து உழைப்பு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி, கடும் உடலுழைப்புச் செய்யும் ஆணுக்கு நாளைக்கு 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 2,110. வித்தியாசம் 1,360 கலோரி. அதைச் சோறாகவே கணக்கிட்டால் ஒரு கிலோவுக்குக் கிட்டவரும். உழுவதற்கு டிராக்டர், அறுக்க இயந்திரம், நடவுக்கும் இயந்திரம் என்று வந்தபின் அந்த ஒரு கிலோவுக்கு வேலை போய்விட்டது. தட்டு மட்டும் பழைய அளவில் இருக்கிறது. கூலிக்காரக் குடும்பங்களுக்கு இது இன்னும் சிக்கலானது. அரை வயிற்றுக் கஞ்சியில் வளர்ந்த உடம்புக்கு, 2011 முதல் ரேஷன் கடையில் இலவசமாகக் கிடைக்கும் அரிசி வயிறு நிறையச் சோறு தந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பருப்பும் முட்டையும் காயும் அதே அளவில் ஏறியிருந்தால் தட்டில் சோறு தானாக இறங்கியிருக்கும்.

அந்த அரை வயிற்று வளர்ப்புக்கும் மருத்துவத்தில் கணக்கு உண்டு. காவிரியின் மேல்பக்கம் மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையை எழுதி வைத்திருந்தது. அந்தப் பதிவிலிருந்து 517 பேரை நடுவயதில் தேடிப் பிடித்துச் சோதித்து 1996-இல் வெளியிட்டார்கள். இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய். மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம்தான். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004-இல் தன் படத்தையும் ஆங்கிலேய நண்பர் யுட்கினின் படத்தையும் அருகருகே போட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு அச்சாக 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் நண்பருக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற உடம்பு உள்ளே கொழுத்திருக்கிறது. கருவிலேயே பட்டினிக்குப் பழகிய உடம்பு பின்னால் நிறையச் சோற்றைச் சந்திக்கும்போது திணறுகிறது என்பது இவர்கள் வாதம். 1942-இல் பர்மா அரிசி நின்றுபோன பஞ்ச ஆண்டுகளில் கருவுற்ற தாய்மார்களின் பிள்ளைகள் இன்று எண்பதைத் தொட்டவர்கள். தமிழகத்தில் அந்தத் தலைமுறையை இப்படி யாராவது தேடிப்பார்த்திருக்க வேண்டும்.

புகையிலை, சாராயம், ஊறுகாய் அப்பள உப்பு ஆகியவற்றைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. அவை கெடுதல் என்பதில் வழக்கே இல்லை. வழக்கு இருப்பது வேறிடத்தில். தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை எடுக்கப்பட்ட 2020-ஆம் ஆண்டு ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு, 33.9 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம், 17.6 சதவீதத்தினருக்குச் சர்க்கரை என்றது. பிரஷர் உள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8. காரணிகளைப் பற்றி நூலகம் நிறைய எழுதிய பிறகும், மாத்திரை கையில் இருந்தும், நூறில் தொண்ணூறு பேர் கைநழுவிப் போனார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்கான பதில். வாசலில் வந்து நிற்கும் பெண் தன்னார்வலர் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்து எண்ணைப் படிக்கிறார், மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போகிறார். 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே தர ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடார்வாஸ்டேட்டின் சேர்த்து 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு ஏற்பாடுகளும் சோற்றைப் பற்றிய எந்தக் கட்டுரையையும்விட அதிக உயிரைக் காக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்காகச் சோற்றுக் கேள்வியை மூட்டை கட்டிவிட முடியாது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து 2006-இல் காட்டியது இது: சர்க்கரை எல்லையில் நிற்பவர்களை நடக்கவைத்து, தின்பதை மாற்றினால், மூன்றாண்டில் நோயாளியாவோர் 55 சதவீதத்திலிருந்து 39.3 ஆகக் குறைகிறார்கள். மாத்திரை இல்லாமலே. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியில் இரத்தச் சர்க்கரையை அளக்கிறார்கள், நிஃப்டெமில் அரிசி எத்தனை சதவீதம் தீட்டப்பட்டது என்பதை அளக்கிறார்கள். ஒரே ஊர். ஒரு கிராமத்து வீடுகளின் அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடியும் அந்த வீட்டாரின் ஒரு சொட்டு இரத்தமும் ஒரே பட்டியலில் வந்தால், 'வெள்ளை அரிசி' என்ற ஒற்றைக் கட்டம் பத்தாகப் பிரியும். ரேஷனில் 2023-இல் செறிவூட்டிய அரிசி கலக்கத் தொடங்கினார்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் குருணை வடிவில் நூற்றுக்கு ஒன்றாகச் சேர்த்தார்கள். தவிட்டோடு போன நார்ச்சத்துக்கு அந்தக் கலவையில் இடமில்லை. லேசாகத் தீட்டினால் கெட்டுப்போகாமல் எத்தனை மாதம் கிடங்கில் தாங்கும், எந்த நிறம் வரை ஜனங்கள் திருப்பிக் கொடுக்காமல் வாங்குவார்கள் என்பதைக் கொள்முதல் நிலையத்திலிருந்து ரேஷன் கடை வரை பின்தொடர்ந்து பார்ப்பதற்கு டெல்டாவைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.